ஐஸ் தீர்ந்துவிட்டது

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம், ஊரார் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கதை கேட்பது என்று சொல்லிவிடுவேன். என் அம்மா இன்னும் நம்பவில்லை. "வம்பளக்கறதுக்குச் சம்பளம் குடுக்கிற கம்பெனியும் உலகத்துல இருக்காடி, சுனில்டா?" என்பாள். இருக்கிறது, மெக்சிகோ நகரத்தில். வீட்டுக்குள்ளேயே அடிபடும் பெண்களுக்காக ஃபோனில் ஒரு பொத்தான் செய்வதென்று அங்கே ஏழெட்டு இன்ஜினியர்கள் முடிவு செய்திருந்தார்கள். சிவப்புப் பொத்தான். அமுக்கினால் போலீஸ் வரும். படமெல்லாம் வரைந்தாயிற்று. செய்வதற்கு முன்னால், அமுக்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சொன்னவள் ரெனாத்தா. ஆய்வுக்கு அவள்தான் தலைவி. பராகுவேயில் வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு, அந்த ஊர்க்காரியான நான்.

பதினொரு பெண்கள். எல்லாரும் அசுன்சியோனைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். ஒரு பெண்கள் சங்கம் ரகசியமாகச் சேர்த்துக் கொடுத்த பெயர்கள். வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு பொய் வைத்திருந்தோம்: "குடும்பங்களில் ஃபோன் எப்படிப் பயன்படுகிறது என்று ஆராய்கிறோம்." காகிதம் எதையும் வீட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது. தனியாக இருக்கிறாள் என்று உறுதியாகும்வரை அடி என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. இந்த விதிகளை எழுதியதே நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

பிளாசிதா அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. காபியாத்தாவில் வீடு. முப்பத்தொரு வயது. ஊராருக்குத் துணி இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். ஐந்து முறை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். கணவன் சிரிலோ ஒரு கிடங்கில் காவலாளி, புதன்கிழமை அவனுக்கு ஓய்வு. மற்ற நாட்களிலும் நினைத்த நேரத்தில் பைக்கில் வந்து நிற்பான். மாமியார் ஞா தியோலிந்தா எப்போதும் மாமரத்தடியில், காலடியில் தெரேரே ஜாடியோடு. பெரியவளை மரியாதையாக 'ஞா' என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

சிரிலோ குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சிரித்த முகம். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இரண்டாவது முறை போனபோது என் ஒலிப்பதிவுக் கருவியை ஒரு விரலால் தட்டிப் பார்த்து, "இது என் குரலையும் பிடிக்குமா, கம்பெனி அம்மா? பிடிக்கும்னா நல்லதா ஏதாவது பேசணுமே" என்றான். பிளாசிதாவின் இடது மணிக்கட்டில் கட்டு இருந்தது. இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டதாகச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டி சுட்டால் தோல் கருகும். எலும்பு உடையாது.

தெரேரேயைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் வெயில் காலத்தில் வட்டமாக உட்கார்ந்து குடிப்பது அது. ஒருவர் ஊற்றுவார். கொம்புக் குவளையில் இலைத்தூள், அதன்மேல் பச்சிலை இடித்துப் போட்ட ஐஸ் தண்ணீர். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல். குடித்தவர் ஒன்றும் பேசாமல் குவளையைத் திருப்பித் தருவார், அது அடுத்த ஆளுக்குப் போகும். திருப்பித் தரும்போது "நன்றி" என்று சொன்னால், எனக்குப் போதும், என்னை விட்டுவிடு என்று அர்த்தம். அதற்குப் பிறகு உங்கள் முறை வராது. பால் குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். வெளிநாட்டுக்காரர்கள்தான் முதல் குவளைக்கே மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் நாக்கு வறண்டு நம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒலிப்பதிவுகளை எல்லாம் எழுத்தாக்கி மெக்சிகோவுக்கு அனுப்பியிருந்தேன். ரெனாத்தா வரி வரியாக வண்ணம் பூசி வகை பிரிப்பாள். ஜனவரியில் ஒரு நாள் எனக்கு எழுதினாள்: "உன் பிளாசிதா பதினான்கு தடவை நன்றி சொல்லியிருக்கிறாள். எவ்வளவு கஷ்டத்திலும் எவ்வளவு பண்பு. 'நன்றியுணர்வு' என்று ஒரு வகையே திறந்துவிட்டேன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விளக்கிச் சொல்லச் சோம்பலாக இருந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சிரித்தேனே தவிர, நான் மட்டும் என்ன கிழித்தேன்? என் குறிப்பேட்டில் நானே எழுதியிருந்தது இது: "நாற்பது டிகிரி வெயிலிலும் பிளாசிதா வட்டம் கூடும்போதெல்லாம் ஒன்றிரண்டு குவளையோடு நிறுத்திக்கொள்கிறாள். சிறுநீரகக் கோளாறோ? கேட்க வேண்டும்." கேட்கவும் இல்லை.

அதே மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, மதியம் பன்னிரண்டு இருபதுக்கு ரெனாத்தாவிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. பங்கெடுத்த எல்லாருக்கும் நன்றி சொல்லி ஒரு குறுஞ்செய்தி போகிறது, கூடவே அன்பளிப்பாக ஃபோனுக்கு ரீசார்ஜ், மெக்சிகோ நேரம் காலை பத்து மணிக்கு. வாசகத்தையும் இணைத்திருந்தாள், கடைசியில் ஒரு பூ.

"எங்கள் ஆய்வில் பங்கெடுத்ததற்கு நன்றி. வீட்டில் அடிபடும் பெண்களுக்காக நாம் சேர்ந்து ஒரு பாதுகாப்பை உருவாக்குகிறோம். நீங்கள் தனியாக இல்லை."

அவர்களுக்குக் காலை பத்து என்றால் எங்களுக்கு மதியம் ஒன்று. ஆண்கள் சாப்பிட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிப் போட்டு வீட்டில் சாய்ந்திருக்கும் நேரம். உடனே கூப்பிட்டேன்.

"ரெனாத்தா, நிறுத்து. அந்த மெசேஜை நிறுத்து."

"ஏன்? அவங்கவங்க சொந்த ஃபோனுக்குத்தானே போகுது? சொந்த ஃபோன் இருக்கான்னு நீதானே எல்லார்கிட்டயும் கேட்டே? பதினொரு பேருக்கும் ஆம்னு போட்டிருக்கே."

போட்டிருந்தேன். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: சொந்த ஃபோன் உண்டா, ஆம் அல்லது இல்லை. பிளாசிதா சொன்னது இன்னும் காதில் இருந்தது. "என்னோடதுதான். அவர் வீட்ல இருக்கிறப்போ அவர் பக்கத்துல இருக்கும், அவ்வளவுதான்." நான் ஆம் என்பதில் குறி போட்டேன். அந்த 'அவ்வளவுதான்' எழுதுவதற்குக் கட்டத்தில் இடம் இல்லை. ஆளைக் கேள், கட்டத்தை நம்பாதே என்று பயிற்சி வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

அனுப்பும் வேலை வேறொரு நாட்டுக் கம்பெனியிடம் இருக்கிறது, முயற்சி செய்கிறேன் என்று ரெனாத்தா அழாக்குறையாகச் சொன்னாள். நான் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டுப் பெண்கள் ஏற்கெனவே கணவனை விட்டு வந்துவிட்டவர்கள். மற்ற மூவரில் இரண்டு பேரைக் கூப்பிட்டேன், அவர்களே எடுத்தார்கள், அப்போதே ஃபோனை அணைத்துவிட்டார்கள். மிச்சம் பிளாசிதா. புதன்கிழமை. கூப்பிட்டால் எடுப்பது சிரிலோவாக இருக்கும்.

பைக் டாக்சி பிடித்தேன். ஓட்டியவனிடம் உயிர் போகிற அவசரம் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, அப்புறம் பார்த்தா பேங்க் மூடறதுக்குள்ள போகணும்பாங்க" என்று சிரித்துவிட்டு, ஆனால் நன்றாகவே ஓட்டினான். மதியத் தூக்க நேரம், தெருவில் ஈ காக்கை இல்லை. இந்த நேரத்தில் வெளியே போனால் யாசி யாதெரே பிடித்துக்கொண்டு போய்விடும் என்று சின்ன வயதில் அம்மா பயமுறுத்துவாள். அந்தப் பேய்க்குக்கூட அன்று நான் பயப்படவில்லை. ஒரு ஃபோன் 'டிங்' என்று ஒலிக்கப் போவதற்குத்தான் பயந்தேன்.

பன்னிரண்டு ஐம்பத்தாறு. எங்கள் ஊர் வழக்கப்படி வெளிவாசலில் நின்று கை தட்டிக் கூப்பிட்டேன். என் கைத்தட்டல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"கம்பெனி அம்மாவா! இந்த வெயில்லயா?" சிரிலோ மாமரத்தடியில் சங்கிலி கழற்றிய பைக் முன்னால் குந்தியிருந்தான். கை இரண்டும் கிரீஸ். "வாங்க, உட்காருங்க. அம்மா, இவங்களுக்கும் ஊத்து. மயக்கம் போட்டு விழுந்தா நாமதான் பதில் சொல்லணும்."

ஞா தியோலிந்தா ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினாள். பெரிய உடம்பு, வீங்கிய கால்கள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. இந்த வீட்டில் மகனுடைய கண்ணும் காதும் இவள்தான் என்று முதல் நாளே முடிவு கட்டியிருந்தேன். நான் பிளாசிதாவோடு தனியாக இரண்டு வார்த்தை பேசினாலும் எங்கிருந்தாவது வந்துவிடுவாள். பிளாசிதா கொஞ்சம் தள்ளி இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி ஓடியது.

சிரிலோவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் இரண்டு ஃபோன்கள். ஒன்று அவனுடையது. மற்றதன் மூலையில் விரிசல். அது பிளாசிதாவுடையது.

"ஒரு சின்ன வேலை பாக்கி" என்றேன். "ஆய்வு முடிஞ்சதுக்கு வீட்டுக்கு ஒரு ரீசார்ஜ் தர்றாங்க. பிளாசிதா ஃபோனை ஒரு நிமிஷம் குடுத்தீங்கன்னா, நானே போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவேன்."

"ரீசார்ஜ் போடுறதுக்கா அசுன்சியோன்ல இருந்து பைக்ல வந்தீங்க?" அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "நல்ல கம்பெனி. எங்க கம்பெனி பூட்ஸ் கிழிஞ்சாக்கூட எட்டிப் பார்க்கிறதில்ல."

அவன் ஃபோனைக் கொடுக்கவில்லை. குவளை எனக்கு வந்தது. குடித்தேன், ருசி தெரியவில்லை. திருப்பிக் கொடுத்தேன். சிரிலோ குடித்தான். பிளாசிதா பலகையை விட்டு வந்து வாங்கிக் குடித்தாள். மறுபடி எனக்கு வந்தது. ரெனாத்தா நிறுத்தியிருப்பாள் என்று ஒரு மனம் சொன்னது. ஃபோனைத் தட்டிப் பறித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடலாமா என்று இன்னொரு மனம் கணக்குப் போட்டது.

அது ஒலித்தது. சின்னச் சத்தம்தான். பிளாசிதாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். அவளுக்கு விஷயம் தெரியாது. ஆனால் அந்த ஃபோனுக்கு எது வந்தாலும் அவளுக்குப் பயம்தான் என்று அப்போது புரிந்தது.

சிரிலோ கையைத் தூக்கிக் கிரீஸைக் காட்டினான். "நீங்களே படிங்க, கம்பெனி அம்மா. உங்க ரீசார்ஜ் வந்திருச்சு போல."

எடுத்தேன். அதே வாசகம், அதே பூ. உரக்கப் படித்தேன். "உங்கள் ஃபோனுக்கு ரீசார்ஜ் செய்யப்பட்டது. நன்றி."

அவன் எழுந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். அவனுக்குக் கிட்டத்து எழுத்து தெளிவாகத் தெரியாது, முன்பே கவனித்திருக்கிறேன். ஆனால் எத்தனை வரி என்று எண்ணத் தெரியும்.

"இவ்வளவு நீளமா இருக்கு. நீங்க இத்துனூண்டு படிக்கிறீங்க."

"மிச்சம் விளம்பரம்."

"விளம்பரம் எனக்குப் பிடிக்கும்" என்றான். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் பிளாசிதாவின் பக்கம் போனது. "அம்மா, நீ படி. முழுசாப் படி."

ஞா தியோலிந்தா கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க என்னால் என்ன செய்ய முடியும்? கொடுத்தேன். நான் செய்த கொலையை என் கண்ணாலேயே பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். வாசலுக்கு எத்தனை அடி என்று பார்த்தேன். பிளாசிதாவை இழுத்துக்கொண்டு ஓட முடியுமா, எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று பார்த்தேன்.

கிழவி கண்ணாடியை மாட்டினாள். எழுத்துக்கு ஒரு விரல் வைத்து, பள்ளிப் பிள்ளையைப் போல உரக்கப் படித்தாள்.

"எங்கள் ஆய்வில் பங்கெடுத்ததற்கு நன்றி. வீட்டில்..." நிறுத்தினாள். விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. ஒரு கோழி எங்கோ கேறியது. "வீட்டில் ஃபோன் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக நாம் சேர்ந்து ஒரு... ஒரு பெரிய சலுகையை உருவாக்குகிறோம். நீங்கள் அதிர்ஷ்டசாலி." விரல் மேலும் கீழும் அலைந்தது. "அட, என்ன இது, எல்லாம் போயிடுச்சே. எதையோ அமுக்கிட்டேன் போல. சோறு வடிக்கிற விரலுக்கு இந்தக் கண்ணாடிச் சாமானெல்லாம் ஒத்துவராது."

சிரிலோ ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கினான். கிரீஸ் கறையோடு திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். செய்தி இல்லை. அவன் தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியில் பிளாசிதாவைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஆய்வுல நீ என்னடி பங்கெடுத்தே?" என்றான். கேட்ட விதம் செல்லம் கொஞ்சுவதுபோல இருந்தது. "என்னென்ன சொன்னே? எனக்கும் சொல்லேன். கம்பெனிக்குச் சொல்ற மாதிரியே சொல்லு."

ஞா தியோலிந்தா குவளையில் தண்ணீர் ஊற்றி அவளிடம் நீட்டினாள். பிளாசிதா குடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"நன்றி" என்றாள்.

"சிரிலோ" என்றாள் கிழவி அந்த நொடியே. "ஐஸ் தீர்ந்துபோச்சு. போய் ஐஸ் வாங்கிட்டு வா."

இதை நான் கேட்டிருக்கிறேன். ஐந்து ஒலிப்பதிவிலும் கேட்டிருக்கிறேன், என் கையாலேயே எழுத்தாக்கியிருக்கிறேன். நன்றி. அடுத்த வரியில் மாமியார்: ஐஸ் தீர்ந்துபோச்சு. நன்றி. மாமியார்: பச்சிலை வேணும், பக்கத்து வீட்ல பறிச்சிட்டு வா. நன்றி. மாமியார்: குழாயை மூடினியா பாரு. எல்லாவற்றையும் 'பின்னணிப் பேச்சு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுத் தள்ளியது நான்.

"ஜாடியில ஐஸ் இருக்கே" என்றான் சிரிலோ. இருந்தது. எனக்கும் தெரிந்தது.

ஞா தியோலிந்தா ஜாடியைத் தூக்கி அப்படியே மாமரத்தின் வேரில் கவிழ்த்தாள். ஐஸ் துண்டுகள் மண்ணில் உருண்டன. "இது பழசு. நாத்தம் அடிக்குது. விருந்தாளி வந்திருக்கா, நல்லதா வாங்கிட்டு வா. உங்கப்பனுக்கு நான் எத்தனை வருஷம் ஐஸ் உடைச்சுக் குடுத்திருக்கேன், நீ எனக்கு ஒரு நாள் வாங்கிட்டு வர மாட்டியா?"

அவன் மண்ணில் கரையும் ஐஸையே பார்த்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான். "கிழவிக்கு மூளை கலங்கிருச்சு, கம்பெனி அம்மா. இதையும் எழுதிக்கங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரண்டு ஃபோனையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தே போனான். சங்கிலி கழன்ற பைக் மரத்தடியில் நின்றது.

வெளிவாசல் சாத்தும் சத்தம் கேட்டது. பிளாசிதா இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

"மன்னிச்சிடு பிளாசிதா. தப்பு என் மேலதான். இப்பவே என்கூட வந்துடு. சங்கத்துல இடம் இருக்கு."

"என் மக பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போயிருக்கா. வெள்ளிக்கிழமைதான் வருவா. அவளை விட்டுட்டா?" என்றாள். "எப்போ கிளம்பணும்னு நான் பார்த்துக்கிறேன். என் அக்கா என்கர்னாசியோன்ல இருக்கா. பள்ளிக்கூடம் மாத்தற காகிதம் வரணும், ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள உங்க பொத்தான் மெஷின் போலீஸைக் கூட்டிட்டு வந்துச்சுன்னா, அவங்க வந்து டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நான் இவரோட தனியா இருக்கணும்."

"பின்ன உனக்கு என்னதான் வேணும்?"

ஐந்து முறை வந்து, நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்டவள் நான். இந்த ஒரு கேள்வியை இப்போதுதான் கேட்டேன்.

"பத்து நிமிஷம்" என்றாள். "அவருக்குக் கோபம் ஏறுதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அந்த நேரத்துல யாராவது அவரை வெளியில கூப்பிட்டாப் போதும். பத்து நிமிஷத்துல நான் எதிர்வீட்டு ஞா பெட்ரோனா வீட்டுக்குப் போயிடுவேன். அவர் திரும்பி வர்றப்போ பாதி இறங்கியிருக்கும். நான் நன்றி சொன்னதும் அத்தைதான் அனுப்புவாங்க."

ஞா தியோலிந்தா என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. "இந்த நன்றி விஷயத்தை எங்கயும் எழுதிடாதே. எழுதினா ஒரு நாள் ஒரு ஆம்பளை படிப்பான். எங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"எழுத மாட்டேன், ஞா."

"ஆனா உன் மெஷினைச் சீக்கிரம் செய்" என்றாள். வீங்கிய காலைக் கொஞ்சம் நீட்டிக் காட்டினாள். கட்டைவிரல் கறுத்திருந்தது. "சர்க்கரை. விரலை எடுக்கணும்ங்கறான் டாக்டர், அப்புறம் காலையே எடுப்பான். நான் ஆஸ்பத்திரியில கிடந்தா, இவளுக்கு யாரு ஐஸ் கேப்பா?"

அன்று அவன் ஐஸோடு வரும்போது பிளாசிதா எதிர்வீட்டில் துணி கொடுக்கப் போயிருந்தாள். நானும் கிழவியும் புது ஐஸில் இரண்டு சுற்றுக் குடித்தோம், அவனும் குடித்தான். வெயிலைப் பற்றியும் கால்பந்தைப் பற்றியும் பேசினான். நான் கிளம்பியபோது வாசல்வரை வந்து வழியனுப்பினான். நல்ல பிள்ளை என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் ரெனாத்தா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், நானும் கேட்டேன். படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்தோம். இனி எந்தப் பெண்ணுக்கும் எந்தக் காரணத்துக்காகவும் நாமாகச் செய்தி அனுப்பக்கூடாது என்று எழுதி வைத்தோம். பிறகு நான் சொன்னேன்: போலீஸ் பொத்தான் வேண்டாம், அடிக்கிறவனை வெளியில் கூப்பிடும் பொத்தான் வேண்டும். அதுவும் அவள் ஃபோனில் வேண்டாம், ஆபத்து வரும் நேரத்தில் அது அவள் கையில் இருக்காது. வீட்டில் வேறு யார் கையில் எது இருக்கிறதோ அதில் வேண்டும். இன்ஜினியர்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு குறித்துக்கொண்டார்கள்.

"இது எந்த வரியில இருந்து கிடைச்சது?" என்றாள் ரெனாத்தா. திரையில் வண்ண வண்ணமாக வரிகள் ஓடின. "நான் எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேனே. இங்க பாரு, பிளாசிதா நன்றி சொன்ன இடமெல்லாம் மஞ்சள்ல இருக்கு. அதை என்ன செய்யலாம்?"

"அப்படியே இருக்கட்டும்" என்றேன். "எங்க ஊர்க்காரங்க ரொம்பப் பண்பானவங்க." பதினேழு வருஷ வேலையில் ஒரு தப்பான வகைப்பாட்டைத் தெரிந்தே விட்டுவைத்தது அந்த ஒரு முறைதான்.

மெஷின் தயாராகும்வரை, மெஷினுக்குப் பின்னால் ஆளை உட்கார வைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். ஆள் நாங்கள்தான். ஞா தியோலிந்தாவின் பழைய பட்டன் ஃபோனில் ஐந்தாம் எண்ணை அழுத்தினால் என் மேசையில் மணி அடிக்கும். உடனே என் சக ஊழியன் பெனிக்னோ, தெருத் தண்ணீர்க் குழுவிலிருந்து பேசுவதாகச் சொல்லி சிரிலோவைக் கூப்பிடுவான். தண்ணீர் மீட்டர் வெளிவாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும் என்றால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். பிளாசிதா எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து எனக்கு ஒரே ஒரு மணி அடிப்பது என்று பேச்சு.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு பத்துக்கு மணி அடித்தது. ஐந்தாம் எண். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஞா தியோலிந்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்படியானால் அவள் வீட்டில் விட்டுப்போன பழைய ஃபோனை அமுக்கியது பிளாசிதா. மகள் பள்ளிக்கூடத்தில், வீட்டில் அவளும் அவனும் மட்டும்.

பெனிக்னோ கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது மணியில் சிரிலோ எடுத்தான். "யாரு?" மூச்சு வாங்கும் குரல்.

"தண்ணீர்க் குழுவில இருந்து, ஐயா. உங்க மீட்டர்ல கசிவு காட்டுது. கொஞ்சம் எண்ணைப் பார்த்துச் சொல்றீங்களா?"

"இப்ப முடியாது."

"சரிங்க ஐயா. அப்போ இன்னிக்கே லைனை மூடிடுவாங்க, நாளைக்கு ஆபீஸ் வந்து எழுதிக் குடுக்கணும்."

கெட்ட வார்த்தை ஒன்று கேட்டது. பிறகு காலடி. வெளிவாசல் கிரீச்சிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பெனிக்னோ முதல் எண்ணைக் கேட்டான், தப்பாகக் குறித்துக்கொண்டு மறுபடி கேட்டான், பெயரின் எழுத்துக்களைக் கேட்டான், குழாயின் அகலத்தைக் கேட்டான். ஒன்பது நிமிஷம் இழுத்தான், பாவம், சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கடைசியில் சிரிலோ, "நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஃபோனில் எல்லாரும் சொல்கிற நன்றிதான் அது. ஆனால் அந்த வட்டத்தில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்து குடித்தவன் அவன். எனக்குப் போதும், என்னை விட்டுவிடு. எதிர்வீட்டிலிருந்து வர வேண்டிய மணிக்காகக் காத்திருந்தேன். பெனிக்னோவும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷம். நான்கு நிமிஷம். பெனிக்னோ எழுந்து போய்த் தெரேரே ஊற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். ஆறு நிமிஷம். குவளையின் குளிர்ச்சி உள்ளங்கையில் சுட்டது. போலீஸைக் கூப்பிடக் கையை நீட்டினேன்.

எதிர்வீட்டு எண்ணிலிருந்து மணி ஒரே ஒரு முறை அடித்து நின்றது.

நான் அழுதேன், சொல்வதற்கென்ன. அழுதுகொண்டே குடித்துவிட்டுக் குவளையைப் பெனிக்னோவிடம் திருப்பிக் கொடுத்தேன். பிளாசிதாவின் காகிதம் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மூன்று புதன்கிழமைகள். நன்றி என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால் போதும் என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.